ஆமாம், நான் பார்த்திருக்கிறேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேலை கேட்டு வருகிறவர்களின் சமூக வலைதளப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலை, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நடுத்தர ஐ.டி. கம்பெனியில், பெயர் வேண்டாம். ரெஸ்யூமே கைக்கு வந்ததும் பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பது, லிங்க்ட்இன்னைத் திறந்து வைத்துக்கொள்வது, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகும் நேரத்தில் அந்த ஆளின் இன்ஸ்டாகிராமைத் தேடிப் பிடிப்பது, இதையெல்லாம் செய் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. எங்கள் ஹெச்.ஆர். பாலிசி அறுபது பக்கம் ஓடும். கேன்டீனில் தட்டை எங்கே வைக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. இது மட்டும் இல்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா. அவள் மகளுக்கு 2025ல் அமெரிக்காவில் எம்.எஸ். சீட் கிடைத்தது. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்தாயிற்று, பேங்க் லோனும் சாங்ஷன் ஆயிற்று, மே கடைசியில் பார்த்தால் மாணவர் விசாவுக்குப் புதிதாக அப்பாயின்ட்மென்ட் கொடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஜூன் 18ஆம் தேதி வாக்கில் மறுபடி ஆரம்பித்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கும் உரிய எஃப், எம், ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா போன் பண்ணினாள். "ஏண்டி, அவளோட இன்ஸ்டாவ ஊரே பார்க்கிற மாதிரி திறந்து வைக்கணுமாமே, வயசுப் பொண்ணுடி." மகள் ஒன்பதாவது படித்த காலத்தில் இருந்து அதைப் பூட்டி வை, பூட்டி வை என்று மூன்று வருடம் கத்தியவள் அவள். இப்போது ஓர் அரசாங்கமே திறக்கச் சொல்கிறது. என்ன பதில் சொல்வது?

அப்புறம் அக்கா அடுக்கினாள். அப்போ காலேஜ்ல சேர்க்கிறவங்களும் பார்த்துட்டுத்தான் சேர்த்தாங்களா, நாளைக்கு வேலை கொடுக்கிறவனும் பார்ப்பானா, நீ பார்ப்பியா?

கல்லூரியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் நம் ஊர் ஆட்களுக்குக் குழப்பம் அதிகம். நமக்கு அட்மிஷன் ஆபீசர் என்ற ஒரு பிறவியே பழக்கமில்லை. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, ஆக 200க்கு எவ்வளவு கட்-ஆஃப், அவ்வளவுதான் நம் ஜாதகம். நான் சேர்ந்த காலத்தில் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவோடு போய், பெரிய ஸ்க்ரீனில் ஒவ்வொரு கல்லூரியாக சீட் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது அதையும் வீட்டில் இருந்தே ஆன்லைனில் முடித்துவிடுகிறார்கள். என் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. அந்த முறையில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் நான் என்ன எழுதினேன், யாரோடு படம் எடுத்துக்கொண்டேன் என்று ஒருத்தரும் கேட்காமல் சீட் கொடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குக் கதை வேறு. மார்க்கோடு கட்டுரை, ஆசிரியர் கடிதம், விளையாட்டு, தொண்டு என்று முழு ஆளையும் எடை போடுகிறோம் என்கிறார்கள். முழு ஆள் என்று சொல்லிவிட்டால் இன்ஸ்டா அதில் சேர்த்தியா இல்லையா என்ற கேள்வி வந்துதானே தீரும். அங்கே நுழைவுத் தேர்வுப் பயிற்சி நடத்தும் கப்லான் நிறுவனம் கல்லூரிச் சேர்க்கை அலுவலர்களிடம் பல வருடமாக இதைக் கேட்டு வருகிறது: விண்ணப்பித்தவரின் பக்கத்தைப் போய்ப் பார்த்ததுண்டா? 2008ல் பத்தில் ஒருவர்தான் ஆமாம் என்றார். 2015ல் அது 40 சதவீதம். சரி, இனி ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நினைத்தால் 2018ல் 25க்கு இறங்கியது, 2019ல் மறுபடி 36. இறங்கியதற்குக் காரணம் அலுவலர்கள் திருந்தியது இல்லை, பிள்ளைகள் ஃபேஸ்புக்கை விட்டுவிட்டு ஸ்னாப்சாட், இன்ஸ்டா என்று தேடிப் பிடிக்கக் கஷ்டமான இடங்களுக்குப் போய்விட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பார்த்ததுண்டா என்ற கேள்விக்குத்தான் ஆமாம் என்கிறார்கள், எல்லோரையும் பார்க்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஹார்வர்டுக்கு வருடத்துக்கு ஐம்பதாயிரம் வாக்கில் விண்ணப்பம் வருகிறது. ஒவ்வொருவருடைய ரீல்ஸையும் உட்கார்ந்து பார்த்தால் அட்மிஷன் முடிவதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

அப்படியானால் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி மாட்டினார்கள்? இதுதான் எனக்கு எப்போதும் சுவாரசியமான பகுதி. 2017ல் ஹார்வர்டில் சீட் கிடைத்த பிள்ளைகள் சிலர் ஃபேஸ்புக்கில் தனியாக ஒரு குரூப் வைத்துக்கொண்டு மீம் போட்டார்கள். யூதப் படுகொலை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை, இதையெல்லாம் வைத்துக் கேலி. ஏப்ரலில் குறைந்தது பத்துப் பேருடைய சேர்க்கையைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. ஜூனில் ஹார்வர்ட் கிரிம்சன் என்ற மாணவர் பத்திரிகை செய்தி போட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அது பூட்டிய குரூப், வெளியாள் ஒருவர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடமே இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் தப்பித்துப் பிறகு துப்பாக்கி உரிமைக்காகப் பேசிப் பிரபலமான கைல் கஷுவ் என்ற பையனின் சேர்க்கையையும் அதே ஹார்வர்ட் ரத்து செய்தது. பதினாறு வயதில் நண்பர்களோடு பகிர்ந்த ஒரு கூகுள் டாக்குமென்டிலும் மெசேஜ்களிலும் எழுதிய இனவெறி வார்த்தைகள் காரணம். வெளியே கொண்டு வந்தவர்கள் கூடப் படித்தவர்கள். 2020ல் இன்னொரு பெண், பெயர் வேண்டாம், பதினைந்து வயதில் ஸ்னாப்சாட்டில் தோழிக்கு அனுப்பிய மூன்று நொடி வீடியோவில் ஓர் இழிசொல்லைச் சொல்லியிருக்கிறாள், அதை ஒரு பள்ளித் தோழன் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, அவளுக்கு டென்னசி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு வெளியிட்டான். நெருக்கடி தாங்காமல் அவளே விலகிக்கொள்ள வேண்டியதாயிற்று. சொன்ன வார்த்தைகள் தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கடைசிக் கதைகளில் வரும் ஒற்றர்கள் எல்லாம் பக்கத்து பெஞ்ச்.

நமக்கு இது புதிதா என்ன. மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதாசி போட்ட ஊர்தானே இது. இப்போது அந்தக் கடிதாசி ஹெச்.ஆர். மெயில் ஐ.டி.க்கு வருகிறது. வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு ஆஃபர் கொடுத்த மூன்றாம் நாள், புதிதாகத் திறந்த ஒரு ஜிமெயிலில் இருந்து, நான்கு ஸ்க்ரீன்ஷாட், 'இவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரி. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கு இப்படி ஏழெட்டு வந்திருக்கும். பெரும்பாலும் பழைய ஆபீஸ் பகை, இரண்டு முறை காதல் முறிவு. அதில் ஒன்றையாவது படிக்காமல் அழித்தேனா என்றால், இல்லை.

சரி, விசா. இங்கேதான் 'பார்ப்பார்களா' என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது, பார்ப்போம் என்று அவர்களே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க விசா விண்ணப்பமான டி.எஸ். 160 படிவத்தில் 2019 மே 31 முதலே கடந்த ஐந்து வருடத்தில் வைத்திருந்த கணக்குகளின் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில் மாணவர்கள் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள், டிசம்பர் 15 முதல் வேலைக்குப் போகும் ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்-4 ஆட்களுக்கும் அதே விதி வந்தது. டிசம்பரில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வந்தவர்கள் பாடுதான் பாவம். தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய், பெட்டி படுக்கையோடு மாமனார் வீட்டில் இருந்துகொண்டு ராத்திரி ராத்திரி அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்தவர்களை எனக்கே தெரியும்.

அக்கா மகள் உட்கார்ந்து கணக்குகளை எண்ண ஆரம்பித்தாள். ஒரு இன்ஸ்டா, நெருங்கின நண்பர்களுக்கு மட்டும் இன்னொரு இன்ஸ்டா, லிங்க்ட்இன், ஒரு ரெடிட். திடீரென்று முகம் வெளுத்துப்போய், "சித்தி, ட்விட்டர் ஒண்ணு இருக்கு" என்றாள். பிளஸ் டூ, லாக்டவுன் சமயம், வீட்டுக்குத் தெரியாமல் ஒரு ஹீரோவுக்கு ரசிகர் கணக்கு. ராவெல்லாம் எதிர்க்கோஷ்டியோடு சண்டை. ஐந்து வருடத்துக்குள் வருமா வராதா என்று காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டோம், வந்தது. 2021 பொங்கல் சமயத்தில் அவள் எழுதியிருந்த ஒன்றைப் பார்த்து நான் சிரித்தேன், அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். 'நாளைக்கு காலை காட்சில தியேட்டர் வெடிக்கும்டா, ஒருத்தனும் உசுரோட வீடு திரும்ப மாட்டீங்க.' நமக்குத் தெரியும் இது முதல் நாள் முதல் காட்சி பாஷை என்று. மொழிபெயர்ப்பு மென்பொருளுக்குத் தெரியுமா?

சிரிக்கிற விஷயம் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2012 ஜனவரியில் பிரிட்டனில் இருந்து சுற்றுலா கிளம்பிய ஓர் இளைஞர், அமெரிக்காவை 'அழிக்கப்' போவதாக ட்விட்டரில் எழுதியிருந்தார். அவர்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு நன்றாகக் குடித்துக் கும்மாளம் போடுவது என்று அர்த்தம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து விசாரித்து, தோழியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஆங்கிலத்தைப் பேசுகிற இரண்டு நாடுகளுக்கு நடுவே இந்தக் கதி.

2019ல் நடந்தது இன்னும் விசித்திரம். லெபனானில் வாழும் பாலஸ்தீனப் பையன் இஸ்மாயில் அஜ்ஜாவி, பதினேழு வயது, ஹார்வர்டில் முதல் வருடம் சேர பாஸ்டனில் வந்து இறங்கினான். போனையும் லேப்டாப்பையும் வாங்கி மணிக்கணக்கில் துழாவிவிட்டு விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். அவன் சொன்னபடி, பிரச்சினை அவன் எழுதியதில் இல்லை. அவன் நண்பர் பட்டியலில் இருந்தவர்கள் அமெரிக்காவுக்கு எதிராக எழுதியிருந்தார்களாம். உலகமே பேசிய பிறகு, சுமார் பத்து நாளில் அவனை உள்ளே விட்டார்கள். உலகம் பேசாத பையன்கள் என்ன ஆனார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்.

அக்கா மகள் அந்த ட்விட்டர் கணக்கை மறைக்கலாமா என்று கேட்டாள். படிவத்தில் பொய் சொல்வதற்கு ரசிகர் சண்டை எவ்வளவோ மேல் என்று சொல்லி எழுதவைத்தேன். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கான்சுலேட் வாசலில் வரிசையில் நின்று, உள்ளே போய், எந்த யுனிவர்சிட்டி, செலவை யார் பார்க்கிறார்கள் என்று இரண்டே கேள்வி. மேற்கொண்டு பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறம் பாஸ்போர்ட் வந்தது, விசாவோடு. யாராவது பார்த்தார்களா, பார்த்துச் சிரித்தார்களா, எதுவும் தெரியாது. அவள் பூனைப் படங்களுக்குப் புதிதாக ஒரு லைக்கும் விழவில்லை.

இனி என் பிழைப்புக்கு வருகிறேன்.

வேலை கொடுக்கிறவர்கள் பார்க்கிறார்களா என்றால், 2018ல் கேரியர்பில்டர் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில் 70 சதவீத முதலாளிகள் பார்ப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, மீதி முப்பது பேர் உண்மையைச் சொன்னார்களா என்பதில்தான் சந்தேகம். முன்பெல்லாம் அங்கே பாஸ்வேர்டையே கேட்டிருக்கிறார்கள். மேரிலாண்ட் மாநிலச் சிறைத்துறையில் விடுப்பு முடிந்து திரும்பிய ஓர் ஊழியரிடம் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி அவர் கண்ணெதிரே மேய, அது பெரிய பிரச்சினையாகி, 2012ல் அப்படிக் கேட்கக் கூடாது என்று அந்த மாநிலம்தான் முதலில் சட்டம் போட்டது.

நம் ஊரில் முறைப்படி நடப்பது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், சுருக்கமாக பி.ஜி.வி. வெளி ஏஜென்சி ஒன்று உங்கள் டிகிரி சர்டிஃபிகேட், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், முகவரி, கோர்ட் வழக்கு இவற்றைச் சரிபார்த்து கிரீன், ஆம்பர், ரெட் என்று கலர் அடித்து அனுப்பும். சமூக வலைதளத்தையும் பார்த்துத் தருகிறோம் என்று கூடுதல் காசுக்குக் கேட்பார்கள், எங்கள் கம்பெனி அதை ஒரு தடவையும் வாங்கியதில்லை, கஞ்சத்தனம்தான் காரணம். உண்மையில் ஆட்கள் மாட்டுவது வேறு இடங்களில். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வரிசையாக இருக்கும், இரண்டு கம்பெனி ஒரே மாதத்தில் ஓடினால் கண்ணை உறுத்தும். 2022ல் போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த 300 பேரை அனுப்பிவிட்டதாக விப்ரோவின் ரிஷாத் பிரேம்ஜி சொன்னபோது என் நண்பர்கள் சிலர் பயந்துபோய் இன்ஸ்டாவைப் பூட்டினார்கள். பி.எஃப். கணக்கை எந்தப் பூட்டு போட்டுப் பூட்டுவது? லிங்க்ட்இன் இன்னொரு பொறி. காசு கொடுத்து வாங்கிய போலி அனுபவக் கடிதத்தில் 2019 முதல் வேலை என்று இருக்கும், லிங்க்ட்இன்னிலோ அதே 2019ல் அவர் ஒரு துணிக்கடையில் ஸ்டோர் மேனேஜர் என்று அவரே பெருமையாகப் போட்டிருப்பார். அழிக்க மறந்திருப்பார். நான் நிராகரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போனார்கள், அதற்காக எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

தூக்கம் கெட்டது மற்றதில். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் பார்க்கிறேன் என்றேனே, அது.

எல்லோரும் பயப்படுவது பீர் பாட்டில் படத்துக்கு. பாண்டிச்சேரியில் நான்கு பையன்கள் பாட்டிலோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் ஓ.எம்.ஆரில் பாதிக் கட்டடம் காலியாகிவிடும், முதலில் எங்கள் டெலிவரி மேனேஜர் வெளியே போக வேண்டும். நீச்சல் உடை, அரசியல் கிண்டல், கெட்ட வார்த்தை மீம், இதெல்லாம் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற சமாச்சாரம். முன்னாள் மேனேஜரைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள், அவ்வளவுதான். வேலையைக் கெடுப்பது நீங்கள் மறைக்க வேண்டும் என்று நினைத்தே பார்க்காத விஷயங்கள்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு ஆரம்பித்த பழக்கம், இன்றைக்கு ரெஸ்யூமேயில் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் இருக்கும். தெரிந்துகொள்ளத் துடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் இன்டர்வியூவில் சுற்றி வளைப்பார்கள். சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? குலதெய்வம் எந்தக் கோயில்? இப்போது கேட்கவே வேண்டாம். குருபூஜைக்கு வைத்த ஸ்டேட்டஸ், ஒரு தலைவர் படம், டி.பி.யைச் சுற்றி இரண்டு நிறத்தில் ஒரு பார்டர், மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் அச்சடித்த பட்டம், போதும். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம்கூடப் போதும். 2023ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கலர் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளியில் தடை செய்யலாம். பத்தாவது படிக்கும்போது எடுத்த க்ரூப் போட்டோ ஃபேஸ்புக்கில் அப்படியே இருக்கிறது, அந்தக் கயிறோடு, அல்லது கயிறு இல்லாமல், இரண்டுமே ஒன்றைச் சொல்லும்.

ஒரு பையன் வந்தான், ஜாவா, நான்கு வருட அனுபவம், இரண்டு டெக்னிக்கல் ரவுண்டும் பிரமாதம். மேனேஜர் வெளியே வந்து, "சூப்பர்ங்க, ஆஃபர் ரிலீஸ் பண்ணிடலாம்" என்றார். மறுநாள் காலை, "இல்லைங்க, டீமுக்கு செட் ஆகாது" என்றார். ஒரே ராத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஃபேஸ்புக்ல பார்த்தேன், கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். கவர் போட்டோவில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான், வேறு ஒன்றுமே இல்லை. நிராகரிப்புக்கான காரணம் என்று எக்ஸெல்லில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'கல்ச்சர் ஃபிட்' என்று நான்தான் டைப் அடித்தேன். அந்தப் பையனுக்கு எங்கள் வழக்கமான மெயில் போயிற்று, உங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். இன்றுவரை அவன் எந்தக் கேள்வியில் தப்பு விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

பெண்களுக்கு வேறு மாதிரி. நிச்சயதார்த்தப் படம் போட்டிருந்தால், "ஆறு மாசத்துல கல்யாணம், அடுத்த வருஷம் லீவு." 2017ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல சட்டம், நானே அனுபவித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கணக்கைப் போடும் மேனேஜர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. இன்டர்வியூவில் கல்யாணம் எப்போது என்று கேட்கக் கூடாது என்று நாங்களே ட்ரெயினிங் கொடுக்கிறோம். இன்ஸ்டாவிடம் கேட்கலாம் போலிருக்கிறது.

நான் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு ஒரு சாட்சி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அக்விஸ்டி, ஃபாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இல்லாத ஆட்களின் பெயரில் அமெரிக்கா முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டார்கள். ரெஸ்யூமே எல்லாம் ஒரே தரம், அதில் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்தப் பெயரைத் தேடிப் போனால் சமூக வலைதளத்தில் ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம் என்று தெரியும். நாடு மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் பகுதிகளைத் தனியே பார்த்தால் முஸ்லிம் ஆளுக்கு வந்த இன்டர்வியூ அழைப்புகள் நன்றாகக் குறைந்திருந்தன. தேடிப் பார்த்தவர்கள் முதலாளிகளில் ஒரு சிறு பகுதிதான் என்பதுதான் இதில் என்னைக் குத்திய விஷயம். கொஞ்சம் பேர் பார்த்தாலே போதுமாக இருக்கிறது.

சட்டம் ஏதாவது காப்பாற்றுமா என்று கேட்பீர்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஆவலாக எடுத்துப் படித்தேன். நீங்களாகவே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. உதாரணம் வேறு கொடுத்திருக்கிறார்கள்: தன் கருத்துகளை வலைப்பதிவாக எழுதும் ஒரு பெண், தன் விவரங்களைச் சமூக வலைதளத்தில் பகிரங்கமாக வைத்திருந்தால் அவளுக்கு இது செல்லாது. வலைப்பதிவு எழுதும் பெண்! நேராக என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

அரசு வேலையில் போலீஸ் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டு, அது வேறு உலகம். ஒரு பதிவுக்காக எஃப்.ஐ.ஆர். விழுந்திருந்தால் அதுதான் அங்கே பேசும், பதிவு இல்லை. பாஸ்போர்ட்டுக்கு வரும் விண்ணப்பங்களில் சமூக வலைதள நடத்தையையும் பார்ப்போம் என்று 2021ல் உத்தராகண்ட் போலீஸ் தலைவர் சொன்னபோது பெரிய சத்தம் எழுந்தது. அதற்குள் நான் போகப் போவதில்லை.

அக்கா மகள் என்னிடம் என்ன செய்யணும் சித்தி என்று கேட்டபோது நான் சொன்னது கொஞ்சம்தான். ரெஸ்யூமே தேதியும் லிங்க்ட்இன் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். உன்னைக் கேட்காமல் யாரும் உன்னைப் படத்தில் டேக் பண்ண முடியாதபடி செட்டிங்கை மாற்று, பெரியப்பா வீட்டு விசேஷப் படங்கள்தான் உன்னைப் பற்றி அதிகம் சொல்லும், அதை நீ போட்டிருக்கவே மாட்டாய். விசா படிவத்தில் பொய் வேண்டாம். மற்றபடி பீர் படத்தை அழிக்க நினைத்தால் அழி, அது உன் அம்மாவுக்காக. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நான்கு கோயில், ஒரு பட்டமளிப்பு விழா என்று ப்ரொஃபைல் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கே என்னமோ சந்தேகமாக இருக்கும் என்றேன். அம்பேத்கர் படம் வைத்திருந்த பையன் வந்து என்னிடம் இதையே கேட்டால், எடுத்துவிடு என்று சொல்வேனா என்று அன்றைக்கு ராத்திரி நினைத்துப் பார்த்தேன். என் வாயால் அது வராது. அவன் எதற்கு எடுக்க வேண்டும்?

அவள் இன்னொன்றும் கேட்டாள். "நீங்க பார்க்கும்போது அவங்களுக்குத் தெரியுமா சித்தி?"

லிங்க்ட்இன்னில் தெரியும், இன்ஸ்டாவில் தெரியாது என்று சொல்ல வந்தேன். அப்புறம் மூன்று வருடத்துக்கு முந்தைய சம்பவம் ஞாபகம் வந்து அதையும் சொன்னேன். டெஸ்டிங் வேலைக்கு ஒரு பெண், மறுநாள் இன்டர்வியூ. ராத்திரி படுக்கையில் அவள் பக்கத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது கை தவறி ஸ்டோரியைத் தொட்டுவிட்டேன். யார் பார்த்தார்கள் என்று ஸ்டோரியில் பெயர் விழும் என்பது தொட்ட பிறகுதான் உறைத்தது. என் சொந்த அக்கவுண்ட், என் சொந்தப் பெயர். மறுநாள் காலை அவள் வந்தாள், என் எதிரே உட்கார்ந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், "நேத்தே பார்த்துட்டீங்களே மேடம்" என்றாள்.

அவளை எடுத்தோம். இப்போது என் டீமுக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஸ்டோரியைத் தொடாமல் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.